சம்பளமா, பதவிப் பெயரா, பொத்தானா? கணக்காளர் பட்டயம் கிடைத்த பிறகு எதைக் கேட்பது

என் அம்மா தேக்கா சந்தைக்குப் புறப்படும்போது சாமான் பட்டியலை என் பழைய பெயரட்டையின் பின்பக்கத்தில்தான் எழுதுவார். முன்பக்கத்தில் என் பெயரும், அதன் கீழே ‘சீனியர் அக்கவுண்டன்ட், சிபிஏ சிங்கப்பூர்’ என்ற எழுத்தும் இருக்கும். பின்பக்கத்தில் ‘முருங்கைக்காய் 4, வஞ்சிரம் அரைக் கிலோ, கறிவேப்பிலை’. ஒரு பெட்டி தீர்ந்துவிட்டது. இரண்டாவது பெட்டியில் பாதி மீதமிருக்கிறது.

2010இல் நான் பட்டயம் பெற்றபோது அலுவலகம் எனக்குத் தந்த மரியாதை அந்த இரண்டு பெட்டி அட்டைகள்தான். சம்பளம் ஏறவில்லை. செய்த வேலையும் மாறவில்லை. அதன் பிறகு 2013 ஜூலையில் கணக்காளர் கழகமே பெயரை மாற்றிக்கொண்டு ‘இஸ்கா’ ஆனது. உறுப்பினர்களின் பட்டமும் சிபிஏ சிங்கப்பூர் என்பதிலிருந்து சிஏ சிங்கப்பூர் என்றாகிவிட்டது. அட்டைகள் அன்றே காலாவதியாகிவிட்டன. அம்மாவுக்கு மட்டும் இன்றுவரை பயன்படுகின்றன.

இந்தக் கதையை இப்போது எடுக்கக் காரணம் என் அக்கா மகள். தேர்வுகளையும் மூன்றாண்டு நடைமுறைப் பயிற்சியையும் முடித்து, இந்த ஏப்ரலில் அவளுக்குச் சிஏ சிங்கப்பூர் கடிதம் வந்தது. ஜூரோங் பக்கம் கப்பல் உதிரிபாகங்களை வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறாள். கடிதத்தைப் படமெடுத்து மேலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பினாள். பதில் இரண்டு வரி. முதல் வரியில் வாழ்த்து. இரண்டாவது வரியில், “வாடிக்கையாளர் நிலுவைப் பட்டியல் இன்று மாலைக்குள் வருமா?”

அன்றிரவு தொலைபேசியில் அழாத குறையாகப் பேசினாள். “சித்தி, நான்கு வருடம் எத்தனை தீபாவளியைத் தேர்வுக்காக விட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கு அது நிலுவைப் பட்டியலுக்கு முந்தைய ஒரு வரி.”

அந்த மேலாளர் கெட்டவர் இல்லை. வாடிக்கையாளர்களிடம் அவளை “சிபிஏ பாஸ் செய்த பெண்” என்று பெருமையாகத்தான் அறிமுகப்படுத்துகிறார். பட்டம் பெயர் மாறிப் பல ஆண்டுகளான சேதி இன்னும் அவரை எட்டவில்லை, அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து அவரே கூப்பிட்டு ஒன்றைச் சொன்னார்: ‘சீனியர்’ என்ற பதவிப் பெயர், கூடவே ஒருமுறை ஊக்கத்தொகையாக 1,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதே வாரத்தில் ராஃபிள்ஸ் பிளேசில் இருக்கும் வேறொரு நிறுவனம் மாதம் 5,400 வெள்ளிக்கு அழைத்தது. இப்போதைய சம்பளம் 4,600. மூன்றாவதாக, கல்லூரித் தோழி ஒருத்தி தான் வேலை செய்யும் நடுத்தரத் தணிக்கை நிறுவனத்துக்கு 4,800 வெள்ளியில் வந்துவிடச் சொன்னாள். ஆக, ஈசூன் வீட்டில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் மூன்று வழிகள். நான்காவது ஒன்றை நான் போட்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். பட்டயம் வாங்கியவர்களில் பாதிப் பேர் இதில்தான் மனம் நொந்துபோகிறார்கள். சிங்கப்பூரில் ‘லைசென்ஸ்’ என்று நாம் பொதுவாகச் சொல்வது இரண்டு வெவ்வேறு விஷயங்கள். ஒன்று, பட்டயக் கணக்காளர் என்ற தகுதி. இஸ்காவில் உறுப்பினராகிப் பெறுவது. மற்றொன்று, நிறுவனங்களையும் பொதுக் கணக்காளர்களையும் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவில் பொதுக் கணக்காளராகப் பதிவு செய்துகொள்வது. நிறுவனங்களின் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட இரண்டாவது கட்டாயம் வேண்டும். ஒரு நிறுவனத்துக்குள் உட்கார்ந்து அதன் கணக்கைப் பார்க்கவோ, மாத இறுதியில் ஏடுகளை மூடவோ, நிதி அறிக்கை தயாரிக்கவோ இரண்டுமே சட்டப்படி தேவையில்லை.

அப்படியென்றால் என்ன ஆகிறது? கடிதம் வந்த மறுநாள் காலையில், முந்தின நாள் செய்ய முடியாத எந்த வேலையும் அவளுக்குப் புதிதாகத் திறக்கவில்லை. மருத்துவருக்கு அப்படி இல்லை, வழக்கறிஞருக்கும் அப்படி இல்லை. மேலாளர் பார்வையில் நேற்று இருந்த அதே பெண், அதே மேசை, அதே நிலுவைப் பட்டியல். தணிக்கை நிறுவனத்தில் நிலைமை வேறு: அங்கே மேனேஜர் படியில் கால் வைக்கப் பட்டயம் கேட்பது வழக்கம், அதனால் கடிதம் வந்ததுமே அது பேசத் தொடங்கிவிடும். வணிக நிறுவனத்தில் அது தானாகப் பேசாது. நாம்தான் அதன் சார்பில் பேச வேண்டும்.

இனி, பணம். வெள்ளிக் கணக்கைப் போடாமல் இந்த முடிவை எடுப்பது கணக்காளருக்கு அழகில்லை.

1,500 வெள்ளி ஊக்கத்தொகை கேட்க நன்றாக இருக்கும். மசேநி எனப்படும் மத்திய சேமநிதிக்கு அவள் பங்கு 20 விழுக்காடு, அதாவது 300 போனால் கைக்கு வருவது 1,200. அதோடு கதை முடிந்தது. அதற்குப் பதிலாக மாதம் வெறும் 150 வெள்ளி சம்பளத்தில் ஏறினால்? ஆண்டு இறுதியில் கூடுதலாகத் தரும் பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தையும் சேர்த்து ஆண்டுக்கு 1,950. அடுத்த ஆண்டும் வரும், அதற்கடுத்த ஆண்டும் வரும். அடுத்த உயர்வு விழுக்காட்டில் கணக்கிடப்பட்டால் அதன் மேலேயே குட்டி போடும். முதலாளியும் தம் பங்காக 17 விழுக்காட்டை மசேநியில் போட்டாக வேண்டும். ஒரே ஒரு முறை தருவதாகச் சொன்னால் முதலாளிகள் ஏன் உடனே இசைகிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

ராஃபிள்ஸ் பிளேஸ் நிறுவனத்தின் 800 வெள்ளி வித்தியாசம் பெரிது, மறுக்க முடியாது. 160 அவளுடைய மசேநிக்கு, 640 கைக்கு. முதலாளி பங்கில் 136 கூடுதல். மசேநிக்குக் கணக்கில் எடுக்கும் மாதச் சம்பள உச்சவரம்பு 2026 ஜனவரியிலிருந்து 8,000 வெள்ளி என்பதால் இரண்டு சம்பளத்துக்கும் முழுச் சந்தா உண்டு. புது நிறுவனமும் பதின்மூன்றாம் மாதம் கொடுத்தால் ஆண்டுக்கு 10,400 வெள்ளி அதிகம். பதின்மூன்றாம் மாதத்தைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உண்டு. அவள் அதைக் கேட்க மறந்திருந்தாள்.

கழிக்க வேண்டியவையும் உண்டு. அவளுடைய தேர்வுக் கட்டணத்தில் 3,000 வெள்ளியை இப்போதைய நிறுவனம் கட்டியிருக்கிறது, இரண்டாண்டுப் பிணைப்போடு. ஆறு மாதம்தான் கழிந்திருக்கிறது. ஒப்பந்தப்படி மீதமுள்ள மாதங்களுக்கு ஏற்பத் திருப்பிக் கட்ட வேண்டும்: இருபத்துநான்கில் பதினெட்டு, ஆக 2,250 வெள்ளி. புது முதலாளி அதை ஏற்றுக்கொள்வதும் உண்டு, ஆனால் வாய்திறந்து கேட்டால்தான். இன்னொன்று, ஆண்டு நடுவில் வெளியேறினால் அதுவரைக்குமான பதின்மூன்றாம் மாதப் பங்கு கிடைக்குமா என்பது. சில ஒப்பந்தங்களில் கிடைக்கும். அவளுடையதில், டிசம்பரில் வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று சின்ன எழுத்தில் இருந்தது. பட்டயம் கிடைத்த கணக்காளர் தன் ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தை முதன்முறையாகப் படித்தது அன்றுதான்! நானும் அவள் வயதில் படித்ததில்லை, அதனால் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

இவ்வளவையும் கழித்தாலும் முதல் ஆண்டிலேயே மாறுவதுதான் லாபம். பணம் ஒன்றையே அளவுகோலாக வைத்தால் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம்.

“சரி, அங்கே என்ன வேலை?” என்று கேட்டேன்.

வட்டாரத்தின் பல நாடுகளுக்கும் சேர்த்துச் செயல்படும் ஒரு கணக்கு மையம். அவளுக்கு ஒதுக்கியிருப்பது விற்பனையாளர்களுக்குப் பணம் செலுத்தும் பிரிவு. விலைப்பட்டியல் வரும், கொள்முதல் ஆணையோடு பொருத்த வேண்டும், பணம் போக வேண்டும். நாள் முழுவதும் அதுதான். நிதி அறிக்கையின் மற்ற பக்கங்கள் வேறு மாடியில், வேறு ஆட்களிடம். பட்டயத்துக்குப் படித்த ஒருங்கிணைந்த கணக்கு, வரி, தணிக்கை எதுவும் அங்கே கைக்கு வராது. மூன்றாண்டு அங்கே இருந்துவிட்டு வேறு இடத்துக்கு நேர்காணலுக்குப் போனால், சம்பளம் மட்டும்தான் சொல்லிக்கொள்ளும்படி இருக்கும். அப்படி உட்கார்ந்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். சம்பளம் ஏறிவிட்டதால் இறங்கவும் முடியாமல், வேலை குறுகிவிட்டதால் ஏறவும் முடியாமல் இருக்கிறார்கள்.

தணிக்கை நிறுவன வழிக்கு இரண்டு பத்தி போதும். தணிக்கை அறிக்கையில் ஒரு நாள் தன் கையெழுத்து இருக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதைவிட நேரான பாதை இல்லை. தணிக்கை அனுபவம் இல்லாமல் பொதுக் கணக்காளர் பதிவுக்கு வழியில்லை. ஆசை இல்லையென்றால், ஜனவரியிலிருந்து மார்ச் வரை கடைசி ரயிலில் வீடு திரும்பும் வாழ்க்கைக்கு 200 வெள்ளி உயர்வு மிகக் குறைவு.

அவளிடம் அந்த ஆசை இல்லை. கேட்டேன், ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்த வழி அதோடு அடைபட்டது.

பதவிப் பெயர் பற்றி என் கருத்து முதல் பத்தியிலேயே தெரிந்திருக்கும். ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: சில இடங்களில் பதவிப் பெயருக்குச் சம்பளப் படிநிலை கட்டப்பட்டிருக்கும். பெயர் மாறினால் படி மாறும், விடுப்பு நாள் கூடும், அடுத்த உயர்வின் வரம்பு கூடும். மனிதவளப் பிரிவில் “இந்தப் பெயர் எந்தப் படியில் வருகிறது?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். என் அக்கா மகள் கேட்டாள். ஐம்பது, அறுபது பேர் வேலை செய்யும் அந்த நிறுவனத்தில் படிநிலை என்று ஒன்றுமே இல்லையாம். அப்படியானால் அது அட்டைதான். அம்மாவிடம் ஏற்கெனவே அரைப் பெட்டி இருக்கிறது.

2011இல் நான் வேறு வேலைக்கான நேர்காணலுக்குப் போனபோது எதிரில் உட்கார்ந்திருந்தவர் என் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சீனியர் ஆனதும் என்ன மாறியது?” என்று கேட்டார். நல்ல கேள்வி. என்னிடம் பதில் இல்லை. அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

இனி நான் போட்ட நான்காவது வழி: இருக்கிற இடத்திலேயே இருந்துகொண்டு, பெயரையும் ஒருமுறைத் தொகையையும் விட்டுவிட்டு, வேலையைக் கேட்பது.

வேலையைக் கேட்பது என்றால் ‘பொறுப்பு வேண்டும்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது இல்லை. அப்படிச் சொன்னால் பக்கத்து மேசைக்காரர் விடுப்பில் போகும்போது அவர் வேலையும் நம் தலையில் விழும், வேறொன்றும் நடக்காது. எந்த வேலை என்று விரலால் தொட்டுக் காட்ட வேண்டும்.

அவள் நிறுவனம் பொருள், சேவை வரிக்குப் பதிவு செய்தது. காலாண்டுக்கு ஒருமுறை வரிப் படிவத்தை இணையத்தில் வருவாய் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும், காலாண்டு முடிந்து ஒரு மாதத்துக்குள். நிறுவனங்கள் அரசு இணையச் சேவைகளைத் திறக்கும் கார்ப்பாஸ் கணக்கு வழியாக நுழையும்போது அதில் இரண்டு விதமான அனுமதி உண்டு. தயாரிப்பவர், அங்கீகரிப்பவர். தயாரிப்பவர் எண்களை நிரப்பலாம், அனுப்ப முடியாது. அனுப்பும் பொத்தான் அங்கீகரிப்பவருக்குத்தான். மூன்றாண்டாக அவள் தயாரிப்பவர். ஒவ்வொரு காலாண்டும் எண்களைப் போட்டுவிட்டு மேலாளரின் மேசைக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, திரையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை உருட்டிவிட்டு, “சரியாக இருக்கிறதா?” என்று அவளையே கேட்பார். அவள் தலையாட்டுவாள். அவர் பொத்தானை அழுத்துவார்.

அங்கீகாரம் கிடைக்கவில்லை என்று அழுதவள் உண்மையில் கேட்க வேண்டியது அந்த அங்கீகரிப்பவர் இடத்தைத்தான் என்று எனக்குத் தோன்றியது. படிவம் பிந்தினால் உடனே 200 வெள்ளி அபராதம். பிறகு முழு மாதம் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு 200, ஒரு படிவத்துக்கு 10,000 வரை. விலை உள்ள பொத்தான் அது. விலை உள்ள பொறுப்பைத்தான் அடுத்த நேர்காணலில் எடுத்து வைக்க முடியும்.

இரண்டாவதாக, தணிக்கையாளர்களோடு பேசும் வேலை. சிறு நிறுவனங்களுக்குத் தணிக்கை விலக்கு உண்டு: ஆண்டு வருவாய் ஒரு கோடி வெள்ளிக்கு மிகாமை, சொத்து ஒரு கோடிக்கு மிகாமை, ஊழியர் ஐம்பதுக்கு மிகாமை என்ற மூன்றில் இரண்டு பொருந்தினால் போதும். இவள் நிறுவனம் அந்த வரம்பைத் தாண்டியது, அதனால் ஆண்டுதோறும் தணிக்கையாளர்கள் வருகிறார்கள். இந்த ஏப்ரலிலும் வந்தார்கள். அவர்கள் கேட்ட ஆவணத்தை எடுத்து, நகலெடுத்து, கூட்ட அறைக்குக் கொண்டுபோய் வைத்தது அவள். பதில் சொன்னது மேலாளர். சரக்கிருப்பின் மதிப்பைப் பற்றி அவர்கள் கேட்ட ஒரு கேள்விக்கு அவர் திணறியதையும், பதில் தனக்குத் தெரிந்திருந்தும் கதவருகே நின்றதையும் அவள் என்னிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். அந்த நாற்காலியைத்தான் கேட்க வேண்டும். உங்கள் நிறுவனம் தணிக்கை விலக்குப் பெற்றது என்றால் இந்த வழி அவ்வளவாகப் பலிக்காது. அப்போது வெளியே போவதைப் பற்றிச் சீக்கிரமே யோசிக்கலாம்.

மூன்றாவது சின்ன விஷயம். கழகத்தின் ஆண்டுச் சந்தாவை நிறுவனம் கட்டட்டும் என்று கேட்பது. பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மறுத்தால், நாமே கட்டும் தொழில்முறைச் சந்தாவை வருமான வரிப் படிவத்தில் வேலைச் செலவாகக் காட்டலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், கணக்காளர்களும்.

அக்காவுக்கு என் யோசனை கொஞ்சமும் பிடிக்கவில்லை. “வீட்டுக்கு வரும் 800 வெள்ளியை வேண்டாம் என்று சொல்லி, கூடுதல் வேலையைக் கேட்டு வாங்கச் சொல்கிறாயா?” என்று சண்டைக்கு வந்தாள். அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வீட்டுக் கடனோ பிள்ளைச் செலவோ தலைக்கு மேல் இருந்தால் நானே ராஃபிள்ஸ் பிளேசுக்குத்தான் ரயில் ஏறச் சொல்லியிருப்பேன். ஈசூனிலிருந்து ஜூரோங்குக்கும் ராஃபிள்ஸ் பிளேசுக்கும் ஒரே சிவப்பு ரயில் தடம்தான், திசைதான் எதிரெதிர். அதேபோல, பொத்தானைக் கேட்டும் மேலாளர் ஆறு மாதமாகத் தலையைச் சொறிந்துகொண்டே இருந்தால், அந்த இடத்தில் மேலும் காத்திருப்பது பொறுமையாகாது. அக்கா மகளுக்கு வயது இருபத்தேழு, தலையில் கடன் இல்லை, அப்பா அம்மா இருவரும் சம்பாதிக்கிறார்கள். வேலையின் அகலத்துக்காக ஓராண்டு 10,000 வெள்ளியைப் பணயம் வைக்கக்கூடிய வயது அதுதான் என்பது என் கணக்கு. அக்கா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

கேட்கும் நேரமும் ஒரு கணக்கு. தணிக்கை நடந்துகொண்டிருக்கும் வாரத்தில் மேலாளரிடம் எதையும் கேட்காதே என்றேன். அந்த வாரத்தில் அவர் காதில் எதுவும் ஏறாது. ஆண்டுக் கணக்கு டிசம்பரில் முடியும் நிறுவனத்தில் அடுத்த ஆண்டுச் சம்பளப் பட்ஜெட் பொதுவாக அக்டோபர், நவம்பரில் போடுவார்கள். வேலை மாற்றத்தை மே மாதமே கேட்டுவிடலாம், அதற்கு யாருடைய பட்ஜெட்டும் தேவையில்லை. சம்பளத்தை அக்டோபரில் கேட்க வேண்டும், மே மாதத்திலிருந்து செய்த வேலையைக் கையில் வைத்துக்கொண்டு. 5,400 வெள்ளி அழைப்பைச் சொல்லலாமா என்றாள். சொல்லலாம், ஒரு முறை, மிரட்டும் குரல் இல்லாமல். போகத் தயாராக இல்லாதவர்கள் இரண்டாவது முறை சொன்னால் சாயம் வெளுத்துவிடும்.

மே மாத நடுவில் அவள் மேலாளரிடம் பேசினாள். என்ன பேசினாள் என்பதை முழுவதும் என்னிடம் சொல்லவில்லை. ஊக்கத்தொகையும் பதவிப் பெயரும் வேண்டாம் என்றதும் அவர் முதலில் குழம்பிப் போனாராம். வேலையை விட்டுப் போகிறாள் என்று நினைத்துவிட்டார். பிறகு கார்ப்பாஸ் அனுமதியை மாற்றிக் கொடுத்தார். தணிக்கையாளர்களின் அடுத்த வருகையில் அவள் பேசுவாள் என்று ஒப்புக்கொண்டார். சம்பளத்தை அக்டோபரில் பார்க்கலாம் என்றார். அதை மின்னஞ்சலில் எழுதச் சொல்லி வாங்கிவிட்டாள். இப்போது எண்களைப் போடுவது புதிதாகச் சேர்ந்த ஒரு பையன்.

ஏப்ரலிலிருந்து ஜூன் வரையிலான காலாண்டுப் படிவம் ஜூலை 31க்குள் போக வேண்டும். 29ஆம் தேதி இரவு எட்டரை மணிக்கு அலுவலகத்திலிருந்தே என்னை அழைத்தாள்.

“சித்தி, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. மூன்று முறை பார்த்துவிட்டேன். பொத்தானை அழுத்தத்தான் கை வரவில்லை.”

“ஏற்றுமதி என்று வரியில்லாமல் காட்டியதற்கெல்லாம் கப்பல் ஆவணம் கையில் இருக்கிறதா?”

கொஞ்ச நேரம் தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

“ஒன்றுக்கு இல்லை. பத்தாயிரம் வெள்ளிச் சரக்கு. அந்தப் பையன் விலைப்பட்டியலை மட்டும் வைத்திருக்கிறான்.”

“அப்படியானால்?”

“திருப்பிக் கொடுக்கிறேன். நாளைக் காலையில் ஆவணத்தோடு வரட்டும்.”